டியூ பாக்கி உள்ள காரை நண்பருக்குக் கைமாற்றுவது எப்படி: சாவி கடைசியில்

“மச்சி, வண்டியை நான் எடுத்துக்கறேன், மீதி டியூவை நானே கட்டிடறேன்.” இதற்கு ஒருமுறை சரி என்று தலையாட்டி, அன்று சாயங்காலமே சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டவன் நான். ஏழு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. எட்டாம் மாதம் 5-ஆம் தேதி வரவேண்டியது 11-ஆம் தேதி வந்தது, அதற்குள் தவணை பவுன்ஸ் ஆகி, வங்கியிலிருந்து போன் எனக்கு வந்தது. அப்புறம் பட்டதெல்லாம் பட்டு, அதே வண்டியை முறையாக அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். பின்னாளில் தெரிந்தவர்கள் சிலருக்காகவும் கூடவே அலைந்திருக்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: சாவி முதலில் போகிறது, காகிதம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று நிற்கிறது.

கீழே சொல்வது இந்தியாவில் வங்கியிலோ பைனான்ஸ் கம்பெனியிலோ கடன் வாங்கி, ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி கடன் கொடுத்தவரிடம் அடமானம் என்ற குறிப்பு) பதிவாகியிருக்கும் சொந்த உபயோகக் காருக்கு. டாக்ஸி, லாரிக்கெல்லாம் பர்மிட் என்று தனிச் சங்கதிகள் உண்டு, அவை இங்கே இல்லை.

1. எந்தெந்தக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று தலைப்பு போடுங்கள்: கடன், ஆர்.சி., இன்ஷூரன்ஸ். மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கும் பதிவுகள். நண்பர் டியூ கட்டுவதால் மூன்றில் ஒன்றுகூட மாறுவதில்லை. இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம், பிறகு வரும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் எதையோ ஒன்றை மாற்றுவதற்காகத்தான்.

கடனில் உங்கள் பெயர் இருக்கிறவரை, தவணை தவறினால் அது உங்கள் சிபில் ரிப்போர்ட்டில், அதாவது கடன் வரலாற்று அறிக்கையில், ஏறும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் இந்த விவரத்தைக் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை அனுப்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, ஆகவே “அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடலாம்” என்பதற்குள் பதிவு ஏறிவிடும். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன். தவணை ஒழுங்காகப் போனாலும் நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த டியூ உங்கள் சம்பளத்திலிருந்து கழித்தே பார்க்கப்படும். “அதை என் நண்பன் கட்டுறான் சார்” என்று மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டும்.

ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவரை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி உரிமையாளர் நீங்கள்தான். எச்.பி. வண்டிக்கு அந்த ஒப்பந்தத்தின்படி வண்டியை வைத்திருப்பவர் உரிமையாளர் என்று சட்டம் சொல்கிறது, சரி, ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள், நண்பர் அல்ல. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை இங்கே சொல்லியாகவேண்டும். 2007-இலேயே காரை விற்று ஒப்படைத்துவிட்டார் ஒருவர். வண்டி அதற்கப்புறமும் கை மாறிக்கொண்டே போய், 2009-இல் விபத்து. ஆர்.சி. மட்டும் மாறவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்தவருக்குத்தான் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. விற்றவருக்கே இந்தக் கதி என்றால், விற்காமல் “ஓட்டிக்கோ” என்று கொடுத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி எட்டாம் படியில் விரிவாக வருகிறது.

தாளின் மறுபக்கத்தில் நண்பரின் நிலையையும் எழுதுங்கள், இதை யாருமே செய்வதில்லை. மூன்று வருஷம் அவர் கட்டி முடித்தாலும் வண்டி உங்கள் பெயரில் இருக்கும். இடையில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வண்டி உங்கள் வாரிசுகளுக்குப் போகும், அவர்களுக்கு நண்பரை யாரென்றே தெரியாது என்றால் முடிந்தது. அதே வங்கியில் உங்களுக்கு வேறு ஒரு பெர்சனல் லோன் பாக்கி இருந்தால், கார் லோன் முழுவதும் அடைந்த பிறகும் என்.ஓ.சி. (வங்கியின் தடையில்லாச் சான்று) தராமல் நிறுத்தி வைக்கக்கூடும். அவர் கட்டியது அவருடைய பணம், மாட்டிக்கொண்டது உங்கள் பாக்கியில். இதை நண்பரிடம் உட்கார்ந்து சொன்னால், முறையாகச் செய்வோம் என்று பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

2. மீதி எவ்வளவு என்பதை வங்கியிடம் கேளுங்கள்

மாதத் தவணையை மீதி மாதங்களால் பெருக்கி “இவ்வளவு பாக்கி” என்று பேசி முடிப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. கணக்கைப் பாருங்கள். 8 லட்சம் கடன், 9.5 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை சுமார் 16,800. 24 தவணை கட்டியாயிற்று. மீதி 36-ஐ 16,800-ஆல் பெருக்கினால் 6,04,800 வரும். ஆனால் அன்றைக்கு உண்மையில் நிற்கும் அசல் சுமார் 5,24,500தான். வித்தியாசம் 80 ஆயிரம். அது இன்னும் ஏறாத வட்டி, இன்று கடனை முடித்தால் யாரும் கட்டவேண்டியதில்லை.

இன்னொரு தப்பு இதற்கு நேர் எதிர். “24 மாசம் 4 லட்சம் கட்டிட்டேன், பாதி முடிஞ்சுது” என்று விற்பவர் நினைக்கிறார். அந்த 4 லட்சத்தில் அசலில் கழிந்தது 2 லட்சத்து 75 ஆயிரம்தான்.

ஆகவே முதல் வேலை, வங்கியிடம் ஃபோர்குளோசர் ஸ்டேட்மென்ட், அதாவது கடனை இன்றே முடிக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு, கேட்பது. ஆப்பில் எடுக்கலாம், இல்லையென்றால் கிளையில் எழுதிக் கொடுக்கவேண்டும். அதில் மீதி அசல், கடைசித் தவணைத் தேதியிலிருந்து அன்றுவரை ஓடிய வட்டி, பழைய பவுன்ஸ் கட்டணம், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக இருக்கும். கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் இந்தக் கட்டணத்திலிருந்து தப்புவது கடினம். பல ஒப்பந்தங்களில் மீதி அசலில் 2 முதல் 6 சதவீதம், முதல் 6 மாதம் அல்லது ஒரு வருஷத்துக்கு முடிக்கவே விடாத ஒப்பந்தங்களும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் 3 சதவீதம் என்று வைத்தால் கட்டணம் 15,735, ஜி.எஸ்.டி. 2,832. மொத்தம் சுமார் 5,43,000.

இப்போது வண்டியின் சந்தை விலையைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு நடுவானதை எடுத்தால் போதும். வண்டி 6,50,000 போகும் என்றால் நண்பர் கடனை அடைத்து, மேலே 1,07,000 உங்களுக்குத் தரவேண்டும். வண்டி 4,80,000தான் போகும் என்றால், நீங்கள்தான் 63,000 கையிலிருந்து போட்டுக் கடனை முடிக்கவேண்டும். இந்த இரண்டாவது நிலையில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் “டியூவை மட்டும் கட்டு போதும்” என்று வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். புரிகிறது, ஆனால் அந்த 63,000 அதனால் எங்கும் போய்விடுவதில்லை. வண்டி ஓட ஓட விலை இன்னும் இறங்கும், அப்புறம் நண்பர் பாதியில் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் அன்றைக்கு அது இதைவிடப் பெரிய தொகை.

3. நண்பருக்குக் கடன் கிடைக்குமா என்று பாருங்கள்

அவருடைய சிபில் ஸ்கோரையும் வருமானச் சான்றையும் வைத்து ஒரு வங்கியில் யூஸ்டு கார் லோன் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்கவில்லை என்றால் ஏன் கிடைக்கவில்லை என்று அவரிடமே கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். வங்கி எந்தக் காரணத்துக்காக அவருக்குக் கொடுக்கவில்லையோ அதே ஆளுக்கு நீங்கள் 5 லட்சம் கடன் கொடுக்கப்போகிறீர்கள், அதுவும் அடமானம் இல்லாமல்.

4. வழியைத் தேர்ந்தெடுங்கள்

எனக்குத் தெரிந்து உருப்படியான வழி மூன்று.

நண்பர் யூஸ்டு கார் லோன் எடுத்து, அந்த வங்கி நேராக உங்கள் வங்கிக்குப் பணம் அனுப்பி உங்கள் கடனை முடிப்பது முதல் வழி. இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். யூஸ்டு கார் லோனுக்கு வட்டி கூடுதலாக இருக்கும், நண்பர் முகம் சுளிப்பார். அந்தக் கூடுதல் வட்டியில் கொஞ்சத்தை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள், அப்படியும் உங்களுக்கு அது லாபம்தான்.

இரண்டாவது, அவர் கையிலோ வீட்டிலோ இருக்கும் பணத்தை வைத்து உங்கள் கடனை முடிப்பது.

மூன்றாவது, உங்கள் கடனையே அவர் பெயருக்கு மாற்றச் சொல்லி வங்கியிடம் கேட்பது. சில இடங்களில் செய்கிறார்கள், பல இடங்களில் கேட்டாலே கை விரிக்கிறார்கள். செய்தாலும் அவருடைய வருமானம், ஸ்கோர் எல்லாம் புதிதாகப் பார்த்து, புது ஒப்பந்தம் எழுதி, உங்களை விடுவித்துக் கடிதம் தந்தால்தான் அது மாற்றம். “தவணை அவர் அக்கவுன்ட்டிலிருந்து போகிற மாதிரி மாத்திட்டோம்” என்று கிளையில் ஒருவர் சொன்னால் அதற்குப் பெயர் கடன் மாற்றம் இல்லை. பணம் எடுக்கும் கணக்குதான் மாறியிருக்கிறது, கடன்காரர் இன்னமும் நீங்கள்தான். இந்த இடத்தில் ஏமாந்தவர் இருவரை எனக்கே தெரியும்.

மூன்றுமே ஒத்துவரவில்லை என்றால் வண்டியை வெளியாளுக்கு விற்றுக் கடனை அடையுங்கள். நண்பர் கோபித்துக்கொள்வார், ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

5. ஸ்டாம்ப் பேப்பரில் மயங்காதீர்கள்

“நோட்டரி முன்னாடி எழுதிக்கலாம்டா, டியூ, ஆக்சிடென்ட், ஃபைன் எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போடறேன்.” நானும் இப்படி ஒரு தாள் வைத்திருந்தேன். அது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பேச்சு. நண்பர் மீது சிவில் வழக்குப் போட அது உதவலாம். வங்கியையோ ஆர்.டி.ஓ.வையோ விபத்தில் அடிபட்டவரையோ அது எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது.

அதைவிட ஒரு வில்லங்கம். உங்கள் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், அனுமதியில்லாமல் வண்டியை விற்கவோ பிறர் வசம் ஒப்படைக்கவோ கூடாது என்று ஒரு வரி இருக்கும். அப்படிச் செய்தால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்று அடுத்த வரி இருக்கும். நீங்கள் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கும் ஸ்டாம்ப் பேப்பர், அந்த விதியை நீங்கள் மீறியதற்கு உங்கள் கையெழுத்தோடு இருக்கும் சாட்சி. வண்டி எங்கே என்று தெரியாத நிலை வந்தால் நம்பிக்கை மோசடி என்று போலீஸ் புகார்வரை போகிறார்கள்.

ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதே கணக்குதான். பெயர், தேதி இல்லாத அந்தத் தாளோடு வண்டி நண்பரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். எச்.பி. இருக்கும்போது நிதி கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் பதிவாகாது என்று சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஆர்.சி.யில் நிற்பது கடைசிவரை உங்கள் பெயர்.

6. பணம் உங்கள் கையில் படாமல் கடன் கணக்குக்கே போகட்டும்

நண்பரின் பணமோ அவர் வங்கியின் பணமோ, உங்கள் கடன் கணக்கு எண்ணைப் போட்டு நேராக வங்கிக்குப் போகவேண்டும். உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்து பிறகு போவதில் இரண்டு சங்கடம். அவருக்கு, தான் கடனைத்தான் அடைத்தோம் என்பதற்கு நேரடி ஆதாரம் இல்லாமல் போகிறது. உங்களுக்கு, இடையில் வேறு ஏதாவது தானியங்கி பிடித்தம் அதே கணக்கில் பாய்ந்துவிடலாம்.

மேலே வரும் தொகையை ரொக்கமாக வாங்கவேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே கொடுக்கல் வாங்கலில் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமானவரித் துறை அபராதம் போடலாம். அபராதம் ரொக்கத்தை வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு.

நண்பருக்கு இங்கே ஒரு பயம் வரும், நியாயமான பயம்: “5 லட்சம் கட்டி உன் கடனை முடிச்சப்புறம் நீ பெயர் மாத்தித் தரலைன்னா?” அதற்காக அன்றைக்கே அவர் பெயரும் தேதியும் நிரப்பிய விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், ஃபார்ம்களை நிரப்பி உடன் வையுங்கள். கடன் முடிகிற நாளில் எழுதுகிற காகிதம் என்பதால் இதற்கு மதிப்பு இருக்கிறது.

ஸ்டேட்மென்டில் போட்டிருக்கும் தேதிக்குள் கட்டுங்கள். ஒரு நாள் தாண்டினால் ஒரு நாள் வட்டி கூடும், நூறு இருநூறு ரூபாய் குறைவால் கணக்கு மூடாமல் நிற்கும். நிற்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

7. என்.ஓ.சி., ஃபார்ம் 35, அப்புறம் ஆர்.டி.ஓ.

பணம் கட்டியதும் கடன் முடிந்த கடிதம், என்.ஓ.சி., வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 இந்த மூன்றையும் வாங்குங்கள். ஃபார்ம் 35தான் எச்.பி. நீக்கும் படிவம். என்.ஓ.சி. கையில் வந்ததும் வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் ஆர்.டி.ஓ.வில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி வங்கிக்கு நடக்கவேண்டும்.

என்.ஓ.சி.யை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். அதற்குப் பெரும்பாலும் 3 மாதம்தான் ஆயுள். தாண்டினால் வங்கியிடம் மறுபடி விண்ணப்பித்து வாங்கவேண்டும்.

பிறகு அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம். எச்.பி. நீக்கத்துக்கு ஃபார்ம் 35, பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29-உம் 30-உம், நண்பர் லோன் எடுத்திருந்தால் அவருடைய வங்கியின் பெயரை ஏற்ற ஃபார்ம் 34. இதில் கைபேசி எண்ணில் முதலில் இடறுவீர்கள். ஆர்.சி.யோடு இணைந்த பழைய எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகும், அந்த சிம் இப்போது யாரிடமோ இருக்கும். விண்ணப்பத்துக்கு முன்பே எண்ணைப் புதுப்பித்துவிடுங்கள். அடுத்தது பாக்கி இ-செல்லான். அதையும் முன்கூட்டியே பார்த்துக் கட்டுங்கள். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதி ஆகாமல் இருக்கவேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். நண்பர் வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறார் என்றால் ஃபார்ம் 28-இல் ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும், அங்கே சாலை வரி வேறு. அந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் சண்டைதான்.

“வாங்கினவன் மாத்திக்குவான்” என்று விட்டுவிடாதீர்கள். மாற்றாவிட்டால் நஷ்டம் யாருக்கோ அவர்தான் பின்னால் ஓடவேண்டும், அது நீங்கள்.

8. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றுங்கள்

பெயர் மாறியதும் மூன்றாம் நபர் காப்பீடு (விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கானது) சட்டப்படியே புது உரிமையாளருக்குத் தொடரும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. அதை 14 நாளுக்குள் விண்ணப்பித்து நண்பர் பெயருக்கு மாற்றவேண்டும்.

நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுடையது, வண்டியுடையது அல்ல. அதற்கான கடிதத்தை வாங்கி வைத்தால் உங்கள் அடுத்த காருக்கு உதவும், நண்பர் அந்த வித்தியாசத்தைக் கட்டவேண்டியிருக்கும்.

பெயர் மாற்றாமல் ஓட்டும்போது என்ன ஆகிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நண்பன் ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கையில் இடித்துவிட்டான், பம்பரும் டிக்கி கதவும் போயிற்று. நான் கிளெய்ம் போட்டேன். சேதத்தைப் பார்க்க வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைச் சுற்றி வந்து, சீட் கவரில் அடித்திருந்த பெயரைப் பார்த்துவிட்டு, “இது யார் சார்?” என்று கேட்டார். அது நண்பனின் மகள் பெயர். உரிமம் உள்ள நண்பர் உங்கள் சம்மதத்தோடு இரவல் வாங்கி ஓட்டினால் பாலிசி பொதுவாக ஏற்றுக்கொள்ளும், தப்பில்லை. ஆனால் வண்டியை ஏற்கெனவே கைமாற்றிவிட்டு “இரவல்தான்” என்று ஃபார்மில் எழுதுவது பொய், அந்தப் பொய்யில் கையெழுத்து உங்களுடையது. வியர்த்துக்கொட்டியது, கிளெய்மைத் திரும்ப வாங்கிக்கொண்டு செலவை நாங்களே பகிர்ந்துகொண்டோம்.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கானது. உங்கள் நண்பர் தினமும் அந்த வண்டியை ஓட்டி, அதில் அவருக்கே ஏதாவது நேர்ந்தால் அவர் குடும்பம் இதைக் கேட்க முடியாது. அவருடைய மனைவியிடம் இதைச் சொல்லுங்கள், பெயர் மாற்றம் மறுநாளே வேகம் பிடிக்கும். வண்டி திருடுபோனாலோ முழுச் சேதமானாலோ, எச்.பி. இருக்கிறவரை இழப்பீடு முதலில் நிதி கொடுத்தவருக்குப் போகும், மிச்சம் பாலிசிதாரருக்கு. மாதாமாதம் டியூ கட்டிய நண்பர் அந்த வரிசையிலேயே இல்லை.

9. இப்போது சாவி

புது ஆர்.சி.யில் அவர் பெயர் வந்துவிட்டதைத் திரையில் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள், இரண்டாவது சாவியையும் சேர்த்து. அதற்கு முன்னால் ஃபாஸ்டாக்கை மூடுங்கள். மறந்தால் அவர் போகிற ஊருக்கெல்லாம் சுங்கக் கட்டணம் உங்கள் கணக்கில் போகும்.

கடன் கணக்கின் தானியங்கிப் பிடித்தத்தைக் கடன் முடிந்த கடிதம் வரும்முன் நிறுத்தாதீர்கள். நடுவில் ஒரு தவணை கூடுதலாகப் போனால் திரும்பி வந்துவிடும், ஆனால் மூடாத கணக்கில் ஒரு பவுன்ஸ் விழுந்தால் அது ரிப்போர்ட்டில் உட்கார்ந்துவிடும்.

10. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால்

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த நிலையில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதறவேண்டாம், ஆனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

தவணை உங்கள் கணக்கிலிருந்தே போகட்டும், நண்பர் உங்களுக்கு 5 நாள் முன்னதாக அனுப்பட்டும். தவணைத் தேதியன்று மத்தியானம் போட்டால் போதும் என்று நினைப்பது தப்பு. பிடித்தம் காலையிலேயே வந்துவிடக்கூடும், முந்தைய நாள் மாலையே பணம் இருக்கவேண்டும். ஒரு தவணைத் தொகையை எப்போதும் அந்தக் கணக்கில் தொடாமல் வையுங்கள். தானியங்கிப் பிடித்தம் பணமில்லாமல் திரும்புவதும் செக் பவுன்ஸ் மாதிரி குற்றம்தான். நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் 2 ஆண்டுவரை சிறை என்று 2007-ஆம் வருடத்துப் பணப்பட்டுவாடாச் சட்டம் சொல்கிறது.

பணம் வாங்குவது வங்கி வழியாக, குறிப்பில் “கார் தவணை, இன்ன மாதம்” என்று. ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய எண் இருந்தால் இ-செல்லான் உங்களுக்கு வரும். அதில் வரும் படத்தைப் பாருங்கள், வண்டியை ஓட்டுவது நண்பர்தானா என்று. எனக்கு வந்த ஒரு படத்தில் ஓட்டியவர் யாரென்றே தெரியவில்லை. கேட்டால், “மச்சான் ஒரு நாள் கேட்டான்டா” என்றான். ஒரு நாள் என்பது மூன்று வாரம்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பை நண்பரிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள், பணம் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது சாவியை உங்களிடம் வைத்திருங்கள். பிறகு ஒரு தேதி குறியுங்கள், அடுத்த போனஸ், அடுத்த சீட்டு எடுக்கும் மாதம், எதுவோ ஒன்று. அந்தத் தேதிக்குள் இரண்டாம் படியிலிருந்து தொடங்கி முறைப்படுத்துவது என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவரைச் சரி என்று பதில் போடச் சொல்லுங்கள்.

11. அவர் கட்டுவதை நிறுத்திவிட்டால்

முதலில் தவணையை நீங்கள் கட்டுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நண்பரோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நாளும் உங்கள் ஸ்கோரில்தான் விழுகிறது, அவருடையதில் இல்லை.

அடுத்தது வண்டி. அவர் வீட்டு வாசலில் இரவில் போய் எடுத்துவருவது, ஆள் கூட்டிப் போவது எல்லாம் வேண்டாம். பணம் கட்டியதற்கு அவரிடமும் ஆதாரம் இருக்கும், உங்கள் மேலேயே புகார் வரும். இன்ன தேதிக்குள் வண்டியை ஒப்படைக்கவேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். ஸ்டேஷனுக்குப் போனால் “இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க” என்றுதான் முதலில் சொல்வார்கள். இந்த நோட்டீஸ் நகலோடு போனால் பேச்சு கொஞ்சம் மாறும். வண்டி இருக்குமிடமே தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

வண்டி திரும்பி வந்தால் அன்றே ஓடோமீட்டரையும் நாலு பக்கத்தையும் படம் எடுத்து, பாக்கி செல்லான்களைப் பார்த்து, வண்டியைத் திருப்பி ஒப்படைத்ததாக எழுதிய சீட்டில் நண்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். தவணை கட்ட உங்களாலும் முடியாது என்றால் வங்கி வண்டியைச் சீஸ் பண்ணும்வரை காத்திருக்காதீர்கள். யார்டுக்குப் போய் ஏலத்தில் போகும் வண்டிக்கு வரும் விலை நீங்களே விற்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், குறைகிற பாக்கியையும் உங்களிடமே கேட்பார்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. செய்தால் நேரத்தைக் குறித்துவைத்து வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள்.

நீங்களே விற்கும்போது வங்கி “கொஞ்சம் குறைச்சு செட்டில்மென்ட் பண்ணிக்கலாம்” என்று சொன்னால் யோசியுங்கள். ரிப்போர்ட்டில் கணக்கு ‘முடிந்தது’ என்று வருவதும் ‘செட்டில்டு’ என்று வருவதும் வேறு, பின்னதைப் பார்த்தால் அடுத்த கடன் தருபவர் தயங்குவார். முடிந்தவரை முழுத் தொகையைக் கட்டி முடியுங்கள். கடன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். கணக்கு இன்னும் திறந்தே கிடந்தால் கடன் முடிந்த கடிதத்தை இணைத்து அங்கேயே ஆட்சேபம் பதியுங்கள்.